நாவல் பாதியில் நிற்கும் இடம்

கேள்வி இது: "துப்பறியும் கதை, ரஷ்ய நாவல், சரித்திரத் தொடர், சிறுகதை என்று எல்லாவற்றையும் கலந்து படிக்கிறேன். பெரிய நாவல்கள் பாதியிலேயே நின்றுவிடுகின்றன. ஊரே கொண்டாடும் சில புத்தகங்கள் எனக்குப் பிடிக்கவில்லை. என் வாசிப்பில் குறையா? குற்றமும் தண்டனையும், அன்னா கரீனினா, மோபி டிக், 1984, உருமாற்றம், தனிமையின் நூறு ஆண்டுகள், பொன்னியின் செல்வன், ஜெயகாந்தன், ஜே.ஜே: சில குறிப்புகள், செகாவ், அகதா கிறிஸ்டி: இவற்றைப் பற்றி உங்கள் கருத்து என்ன? எப்படிப் படிக்கலாம்?"

குறை உங்களிடம் இல்லை. ஆனால் "பிடிக்கவில்லை" என்பதோடு நிறுத்தாதீர்கள். எந்த அத்தியாயத்தில் கை தளர்ந்தது என்று குறித்து வையுங்கள். நீங்கள் நிற்கும் இடத்தில்தான் பலரும் நிற்கிறார்கள். அந்த இடத்தில் ஆசிரியர் என்ன வேலை பார்க்கிறார் என்று தெரிந்துகொண்டு ஒருமுறை திரும்பப் படியுங்கள். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லையென்றால் தயங்காமல் சொல்லலாம். கீழே நானும் சில இடங்களில் அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

தஸ்தயேவ்ஸ்கியின் குற்றமும் தண்டனையும் 1866-இல் பத்திரிகையில் தொடராக வந்தது. ஆறு பாகங்கள், கடைசியில் ஒரு பின்கதை. வாசகர்கள் நிற்பது முதல் பாகத்தின் இரண்டாம் அத்தியாயத்தில். மதுக்கடையில் மர்மெலதோவ் என்ற குடிகாரக் குமாஸ்தா பக்கம் பக்கமாகப் பேசிக்கொண்டே போகிறார். கொலைக் கதை என்று நினைத்து எடுத்தவருக்கு எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் அவர் மகள் சோனியாவின் பெயர் முதலில் காதில் விழுவதும், அவள் ஏன் தெருவுக்கு வர நேர்ந்தது என்பது தெரிவதும் இங்கேதான். இதைத் தாவிப் போனால், நான்காம் பாகத்தில் அவள் அறையில் நடக்கும் பேச்சு வெறும் அழுகையாகத் தெரியும்.

கொலை முதல் பாகத்தின் கடைசி அத்தியாயத்திலேயே நடந்துவிடுகிறது. அந்த அத்தியாயத்தையும் அதற்கு முந்தியதையும் பென்சிலோடு படியுங்கள். கதாநாயகன் ரஸ்கோல்னிகோவ் தன் வீட்டு வாசலிலிருந்து வட்டிக்காரி வீட்டுக்கு 730 காலடி என்று முதல் அத்தியாயத்திலேயே எண்ணி வைத்திருக்கிறான். கோட்டின் உட்புறம் அக்குளுக்குக் கீழே துணியால் ஒரு வளையம் தைத்துக் கோடரியைத் தொங்கவிட ஏற்பாடு செய்கிறான். ஒரு மரத்துண்டையும் இரும்புத் தகட்டையும் சேர்த்து, அடகுப் பொருள் போலத் தாளில் சுற்றி நூலால் இறுக்கிக் கட்டுகிறான். கிழவி குனிந்து முடிச்சை அவிழ்க்கும் நேரம் அவனுக்கு வேண்டும். இவ்வளவு கணக்குப் போட்டவனுக்கு, சமையலறையிலிருந்து கோடரியை எடுக்கப் போகும்போது வேலைக்காரி அங்கே நிற்பாள் என்று தோன்றவில்லை. காவலாளியின் அறையில் தற்செயலாகக் கிடந்த கோடரிதான் கைக்கு வருகிறது. உள்ளே போனவன் கதவைத் தாழிட மறக்கிறான். அந்தத் திறந்த கதவு வழியாகக் கிழவியின் தங்கை லிசவேத்தா வருகிறாள், இரண்டாவது கொலையும் நடக்கிறது. அறிவால் எல்லாவற்றையும் அடக்கிவிடலாம் என்ற அவன் கொள்கை மூன்றாம் பாகத்தில்தான் விவாதத்துக்கு வருகிறது. அது தோற்பதோ இங்கே, ஒரு தாழ்ப்பாளில். இந்த வரிசையைக் கண்டுகொண்டவருக்கு மீதி ஐந்து பாகங்கள் தானாக ஓடும்.

எனக்கு ஒப்பாதது பின்கதை. ஆறு பாகங்களில் அணு அணுவாக நகர்ந்த மனம், சைபீரியாவில் சில பக்கங்களுக்குள் திரும்பிவிடுகிறது. அந்தத் திருப்பத்துக்கு நாவல் போதுமான இடம் கொடுக்கவில்லை. ரஸ்கோல்னிகோவின் தங்கையை மணக்க வரும் லூஷினும் எனக்கு அட்டைப் பொம்மையாகவே படுகிறார். தஸ்தயேவ்ஸ்கி தன் மற்ற பாத்திரங்களுக்குத் தரும் நியாயத்தில் கால்வாசியைக்கூட அவருக்குத் தரவில்லை.

ரஷ்ய நாவல்களில் பலரைத் தடுத்து நிறுத்துவது பெயர்கள். இதற்குப் பத்து நிமிட வேலை போதும். ஒவ்வொருவருக்கும் சொந்தப் பெயர், தந்தை வழிப் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று உண்டு, செல்லப்பெயர் தனி. ரோதியோன் ரொமானோவிச் ரஸ்கோல்னிகோவ் என்றால் ரொமானின் மகன் ரோதியோன். அம்மாவுக்கு அவன் ரோத்யா. தங்கை அவ்தோத்யா ரொமானோவ்னா, வீட்டில் துன்யா. நடுப்பெயர் ஒரே தந்தையைச் சொன்னால் உடன்பிறப்பாக இருக்கலாம் என்று பிடித்துக்கொள்ளலாம். அன்னா அர்காத்யெவ்னாவும் ஸ்தெபான் அர்காத்யெவிச்சும் அண்ணன் தங்கை என்பது பெயரிலேயே இருக்கிறது. புத்தகத்தின் முன்பக்கத் தாளில் பென்சிலால் இந்த மூன்று பெயர்களையும் செல்லப்பெயரையும் ஒரே வரியில் எழுதி வையுங்கள். முதல் நூறு பக்கத்துக்குள் அதைப் பார்க்கும் தேவையே போய்விடும். இன்னொன்றையும் கவனியுங்கள்: ஒருவர் எப்போது முழுப் பெயரிலிருந்து செல்லப்பெயருக்கு இறங்குகிறார் என்பது, நாம் 'நீங்கள்' என்பதிலிருந்து 'நீ' என்பதற்கு இறங்குவது மாதிரி. உறவு நெருங்குவதும் விலகுவதும் அதில் தெரியும்.

டால்ஸ்டாயின் அன்னா கரீனினா எட்டுப் பாகம். அன்னா நேரில் வருவதே முதல் பாகத்தின் 18-ஆம் அத்தியாயத்தில்தான், ரயில் நிலையத்தில். அதற்குள் "தலைப்பில் இருப்பவள் எங்கே?" என்று மூடிவைப்பவர்கள் உண்டு. அடுத்த தடை மூன்றாம் பாகம், நிலக்கிழார் லெவினின் விவசாய விவாதங்கள். அதே பாகத்தின் தொடக்கத்தில் குடியானவர்களோடு சேர்ந்து லெவின் புல் அறுக்கும் இரண்டு அத்தியாயங்கள் இருக்கின்றன. நாவலில் உடம்பும் மனமும் ஒன்றாக வேலை செய்யும் இடம் அது. அரிவாள் தானாக வீசுகிறது என்று அவனுக்குத் தோன்றும் கணத்தை மெதுவாகப் படித்தவர்கள், பிறகு வரும் நில விவாதங்களையும் பொறுத்துக்கொள்வார்கள். ஆறாம் பாகத்தில் வரும் பிரபுக்கள் சபைத் தேர்தல் மட்டும் எனக்கு நீளமாகத்தான் படுகிறது. அதை வேகமாகப் புரட்டினால் பெரிய நஷ்டமில்லை.

இந்த நாவலில் எனக்கு மிகப் பிடித்த இடம் நான்காம் பாகத்தில் இருக்கிறது. லெவினும் கிட்டியும் சீட்டாடும் மேசைக்கு முன் உட்கார்ந்திருக்கிறார்கள். அவன் சாக்கட்டியால் சொற்களின் முதலெழுத்துகளை மட்டும் மேசைத் துணியில் எழுதுகிறான். அவள் அதை முழு வாக்கியமாகப் படித்துவிடுகிறாள். பிறகு அவளும் அப்படியே எழுதிப் பதில் சொல்கிறாள். சேர்த்து எழுதும் மொழியான தமிழில் இந்த இடம் மொழிபெயர்ப்பாளருக்குச் சோதனை. உங்கள் கையிலிருக்கும் மொழிபெயர்ப்பு எப்படி என்று தெரியவேண்டுமானால் இந்த ஒரு பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். அப்புறம் ஐந்தாம் பாகத்தின் 20-ஆம் அத்தியாயம்: முழு நாவலிலும் தலைப்பு உள்ள ஒரே அத்தியாயம் அதுதான், தலைப்பு 'மரணம்'. லெவினின் அண்ணன் சாகும் அந்த அத்தியாயத்துக்கு மட்டும் ஏன் தலைப்பு வைத்தார் என்று யோசித்துக்கொண்டே படித்தால், அதன் முடிவில் கிட்டியைப் பற்றி வரும் செய்தி சட்டென்று உறைக்கும்.

மோபி டிக், 1851. 135 அத்தியாயங்களும் ஒரு முடிவுரையும். கப்பல் தலைவன் ஆகாப் தளத்துக்கு வருவதே 28-ஆவதில். 32-ஆம் அத்தியாயத்தில் கதை அப்படியே நிற்கிறது. திமிங்கிலங்களின் வகைப்பாடு! மெல்வில் அவற்றைப் புத்தக அளவுகளைப் போல ஃபோலியோ, ஆக்டேவோ, டூவோடெசிமோ என்று பிரிக்கிறார். திமிங்கிலம் மீன்தான் என்றும் அடித்துச் சொல்கிறார். இதை விலங்கியல் பாடமாக எடுத்துக்கொண்டால் புத்தகம் அன்றோடு முடிந்தது. அறியமுடியாத ஒன்றைப் பட்டியல் போட்டுப் பிடிக்கப் பார்க்கும் கதைசொல்லி இஷ்மேலின் தவிப்பு அது. வகைப்பாட்டை முடிக்காமலே விட்டுவிடுகிறான் என்பதைக் கவனியுங்கள். ஆகாப் ஈட்டியால் செய்வதை இவன் சொல்லால் செய்துபார்க்கிறான், இருவருக்கும் கைகூடவில்லை. அத்தியாயங்கள் பெரும்பாலும் சிறியவை. நாளுக்கு ஐந்து என்று வைத்துக்கொண்டால் 27 நாளில் முடியும். ஒரே மூச்சில் நூறு பக்கம் படிக்கப் போனால் நடுப்பகுதி கண்ணைக் கட்டிவிடும். கடைசி மூன்று அத்தியாயங்கள், மூன்று நாள் துரத்தல், அவற்றை மட்டும் ஒரே அமர்வில் படியுங்கள்.

ஆர்வெலின் 1984 நாவலிலும் இதே மாதிரி ஒரு இடம் உண்டு. மூன்று பாகங்களில் இரண்டாவதன் ஒன்பதாம் அத்தியாயத்தில் கதாநாயகன் வின்ஸ்டன் தடைசெய்யப்பட்ட ஒரு புத்தகத்தைப் படிக்கிறான். அந்தப் புத்தகத்தின் பக்கங்கள் அப்படியே தரப்படுகின்றன. அவன் காதலி ஜூலியா பக்கத்தில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தவள் தூங்கிவிடுகிறாள். உங்களுக்கும் தூக்கம் வந்தால் அது நாவலுக்கு உள்ளேயே இருக்கும் ஒரு பதில்தான்: அரசியலை அவன் புத்தகமாகப் பார்க்கிறான், அவள் உடம்பால் மீறுகிறாள். அந்தப் பகுதியைச் சுருக்கமாகப் பார்த்துக்கொண்டு நகரலாம். கடைசியில் இருக்கும் பின்னிணைப்பைத்தான் விடக்கூடாது. நாவலில் வரும் சர்வாதிகார ஆட்சி உருவாக்கும் புதுமொழியின் இலக்கணம் பற்றிய அந்தக் கட்டுரை முழுதும் இறந்தகாலத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அப்படியானால் அந்த ஆட்சி முடிந்தபின் யாரோ எழுதியதா என்ற கேள்வி வருகிறது. கதையை முடித்த கையோடு மூடிவைப்பவர்களுக்கு அந்தக் கேள்வி வராமலே போய்விடும். என் கருத்தில் இந்த நாவலின் பலம் எண்ணத்தில் இருக்கிறது, மனிதர்களில் குறைவு. ஜூலியாவுக்கு ஒரு தனி மனம் இருப்பதாக ஆர்வெல் காட்டும் இடங்கள் மிகச் சில.

காஃப்காவின் உருமாற்றம் 1915-இல் அச்சானது. மூன்று பகுதிகள், இரண்டு மணி நேரத்தில் படித்துவிடலாம், அப்படித்தான் படிக்கவும் வேண்டும். "மனிதன் எப்படிப் பூச்சியானான்?" என்று காரணம் தேடினால் கதை கைநழுவிப் போகும். கிரெகர் சாம்சாவின் கவலை என்னவென்று பாருங்கள். மணி ஆறரை, ஐந்து மணி ரயில் போய்விட்டது, அடுத்தது ஏழு மணிக்கு, அலுவலகத்தில் என்ன சொல்வது? உடம்பே மாறிப்போனவன் ரயிலைப் பற்றி யோசிக்கிறான். பயம் அங்கேதான் இருக்கிறது. அட்டையில் பூச்சியை வரையவே கூடாது என்று காஃப்கா பதிப்பாளருக்கு எழுதினார். மூலத்தில் உள்ள சொல் குறிப்பிட்ட எந்தப் பூச்சியையும் சொல்லவில்லை, அருவருப்பான ஓர் உயிர் என்ற அளவில்தான் நிற்கிறது. ஆகவே கரப்பான் என்று முதல் வரியிலேயே முடிவுகட்டிவிடும் மொழிபெயர்ப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மார்க்கேஸின் தனிமையின் நூறு ஆண்டுகள் வாசகரை நிறுத்துவது பெயர்களால். ஆனால் ரஷ்யச் சிக்கல் வேறு, இது வேறு. ரஷ்ய நாவலில் ஒரே ஆளுக்குப் பல பெயர்கள், இங்கே ஒரே பெயரில் பல ஆட்கள். அவுரேலியானோ என்ற பெயரில் கர்னல் அவுரேலியானோவின் பிள்ளைகள் மட்டும் 17 பேர். இந்தக் குழப்பம் வேண்டுமென்றே வைத்தது. அவுரேலியானோக்கள் ஒதுங்கிய அறிவாளிகள், ஹோசே ஆர்காதியோக்கள் முரட்டு உணர்ச்சிக்காரர்கள் என்று பாட்டி உர்சுலாவே ஒரு கணக்கு வைத்திருக்கிறாள். இரட்டையர்கள் விஷயத்தில் மட்டும் குணம் மாறிக் கிடக்கிறது. சின்ன வயதில் ஒருவர் பெயரை மற்றவர் சொல்லி விளையாடியதில் பெயர் இடம் மாறியிருக்கலாம் என்று அவளுக்குச் சந்தேகம். எனவே மனப்பாடம் செய்ய வேண்டாம். வம்ச அட்டவணையைப் படிக்கப் படிக்க நீங்களே வரையுங்கள். பதிப்பில் அச்சிட்டிருக்கும் அட்டவணை யார் யாரை மணப்பார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடும்.

1967-இல் வந்த இந்த நாவலில் எண்ணிடாத 20 அத்தியாயங்கள். ஒவ்வொன்றும் நீளமானது, நடுவில் நிறுத்த வசதியான இடம் கிடைக்காது. நேரம் ஒதுக்கி ஒரு அத்தியாயத்தை முழுதாகப் படியுங்கள், நாளுக்கு ஒன்று போதும். கர்னலின் 32 கலகங்கள் வரும் பகுதி எனக்கும் களைப்பூட்டியது. தூக்கமின்மை நோய் வந்து ஞாபகம் அழிய, ஒவ்வொரு பொருளின்மேலும் அதன் பெயரை எழுதி ஒட்டுகிறார்களே, அந்தப் பகுதி ஒன்றுக்காகவே நாவலை எடுக்கலாம். முதலில் பெயர், பிறகு பசுவின் கழுத்தில் அது பால் கறக்கும் என்ற விவரமும் எழுதவேண்டி வருகிறது. மறதிக்கு எதிரான அந்த அட்டைகளை மனதில் வைத்திருங்கள். பின்னால் வாழைத்தோட்டத் தொழிலாளர் படுகொலையை ஊரே மறக்கிறது. 1928-இல் கொலம்பியாவில் நடந்த வேலைநிறுத்தப் படுகொலையை அடியாகக் கொண்ட பகுதி அது. அங்கே ஒட்டிவைக்க அட்டை இல்லை. அதிசயத்தை அன்றாட நடப்புபோலச் சொல்லும் மாய யதார்த்தம் என்றால் பறக்கும் பெண் என்று சுருக்குபவர்கள் இந்த இரண்டு இடங்களையும் சேர்த்துப் படிக்கவில்லை என்றுதான் சொல்வேன்.

அகதா கிறிஸ்டியை இவற்றின் அளவுகோலால் அளக்காதீர்கள். பாத்திரங்கள் மெலிந்தவர்கள் என்று குறை சொல்வது எளிது. 1939-இல் வந்த, தீவில் பத்துப் பேர் மாட்டிக்கொள்ளும் நாவலில் (And Then There Were None) பத்து ஆட்களை முதல் சில பக்கங்களிலேயே நாம் பிரித்தறிய வேண்டும். அதற்கு வேண்டிய கோடுகளை மட்டும்தான் அவர் போடுகிறார். இங்கே நடக்கும் தவறு வேகத்தில். இரண்டு வாரம் இழுத்துப் படித்தால் மூன்றாம் அத்தியாயத்துத் துப்பு பதினைந்தாம் அத்தியாயத்தில் நினைவிருக்காது, முடிவு ஏமாற்றாகத் தோன்றும். இரண்டு மூன்று நாளில் முடியுங்கள். முடித்ததும் முதல் மூன்று அத்தியாயங்களைத் திரும்பப் படியுங்கள். ஒரு வாக்கியம்கூடப் பொய் சொல்லாமல் நம்மை எப்படி வேறு பக்கம் பார்க்கவைத்தார் என்பது அப்போது தெரியும். கிறிஸ்டியின் கலை முழுக்க அதில்தான் இருக்கிறது, அது சின்னக் கலை அல்ல.

செகாவுக்கு நேர்மாறான விதி: நாளுக்கு ஒரு கதை, மிஞ்சினால் இரண்டு. தொகுப்பை நாவல் போல ஓட்டினால் எட்டாவது கதையில் எல்லாமே ஒரே சாம்பல் நிறமாகிவிடும். 1886-இல் எழுதிய 'வான்கா'வில் தொடங்குங்கள். ஒன்பது வயதுப் பையன் தாத்தாவுக்குக் கடிதம் எழுதுகிறான். உறையில் ஊர்ப் பெயரே எழுதாமல், கிராமத்தில் இருக்கும் தாத்தாவுக்கு என்று மட்டும் எழுதுகிறான். கொஞ்சம் யோசித்துத் தாத்தாவின் பெயரையும் சேர்க்கிறான். கடிதம் போய்ச் சேராது என்று செகாவ் ஒரு வரிகூடச் சொல்வதில்லை. தாத்தா அடுப்பின்மேல் உட்கார்ந்து கடிதத்தைப் படிப்பதாகப் பையன் கனவு காண்கிறான், அடுப்பைச் சுற்றி நாய் வாலாட்டிக்கொண்டு நடக்கிறது, அவ்வளவுதான். கதை முடிந்ததும் உடனே அடுத்ததைப் புரட்டாமல் இருப்பது இதற்காகத்தான்.

பொன்னியின் செல்வன் பற்றி இரண்டு கட்சி உண்டு. தலையில் வைத்துக் கொண்டாடுபவர்கள் ஒரு பக்கம், இலக்கியமே அல்ல என்று ஒதுக்குபவர்கள் இன்னொரு பக்கம். 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த தொடர் என்பதை இரு கட்சியும் மறந்துவிடுகிறது. ஐந்து பாகங்களில் 293 அத்தியாயங்கள், கடைசிப் பாகம் மட்டும் 91. வாரம் ஒருமுறை படித்தவருக்கு முன்கதையை நினைவூட்டுவதும், அத்தியாய முடிவில் ஒரு கொக்கி போடுவதும் தேவையாக இருந்தன. இன்று நாளுக்கு முப்பது அத்தியாயம் விழுங்குபவருக்கு அவையே உறுத்தும். ஒட்டுக்கேட்பதால் எத்தனை தடவை கதை நகர்கிறது என்று எண்ண ஆரம்பித்துவிடுவீர்கள். கடம்பூர் மாளிகையின் நள்ளிரவுக் கூட்டத்தை வந்தியத்தேவன் கேட்பது அருமையான இடம். அதே உத்தி திரும்பத் திரும்ப வரும்போது வலு குறைகிறது. நாளுக்கு நான்கு அத்தியாயம் என்று படித்தால் சுவை நிற்கும். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதைக் கல்கி திட்டவட்டமாகச் சொல்லாமல் விட்டதைக் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது நாவலின் மிகத் துணிச்சலான முடிவு. வரலாற்றிலேயே முழுதாக விடுபடாத ஒரு மர்மத்தை, தொடர்கதைக்கு வசதி என்பதற்காக அவர் அவிழ்த்துவிடவில்லை.

ஜெயகாந்தனில் எதை எடுப்பது என்று கேட்டால், சில நேரங்களில் சில மனிதர்கள். 1972-இல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற நாவல். ஆனால் அதற்கு முன் 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையைப் படித்தே ஆக வேண்டும். சிறுகதையில், அந்நியன் ஒருவனிடம் கற்பிழந்து திரும்பிய மகளின் தலையில் தாய் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று அணைத்துக்கொள்கிறாள். அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊர்கூட்டக் கத்தியிருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள் என்பதுதான் நாவல். அந்தச் சிறுகதையை எழுதியவரே நாவலுக்குள் ஒரு பாத்திரமாக வருகிறார், நாயகி கங்கா அந்தக் கதையைப் படிக்கிறாள். ஒரே எழுத்தாளர் தன் முடிவைத் தானே எதிர்த்து வழக்காடுவதை இவ்வளவு வெளிப்படையாகப் பார்ப்பது அபூர்வம். வரிசை மாற்றிப் படித்தால் இந்த வழக்கு காதில் விழாது. கங்காவின் தன்னுரையில் ஆசிரியரின் குரல் பல இடங்களில் மேலே ஏறி நிற்கிறது என்பது என் குறை.

1981-இல் வந்த ஜே.ஜே: சில குறிப்புகளைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இதில் வாசகர்கள் நிற்பது பத்தாவது பக்கத்தில், "கதை எப்போது தொடங்கும்?" என்ற கேள்வியோடு. அது தொடங்காது. ஜோசஃப் ஜேம்ஸ் என்ற மலையாள எழுத்தாளன் 1960 ஜனவரி 5-ஆம் தேதி, 39 வயதில் இறந்தான் என்று நாவல் தொடங்குகிறது, பிரெஞ்சு எழுத்தாளர் அல்பேர் காம்யு விபத்தில் இறந்ததற்கு மறுநாள். காம்யு இறந்த தேதி நிஜம், ஜே.ஜே. கற்பனை. இரண்டையும் ஒரே தொனியில் சொல்லி, இப்படி ஒருவன் இருந்தான் என்று நம்பவைத்துவிடுகிறார் சுந்தர ராமசாமி. முதல் பகுதி கதைசொல்லி பாலு திரட்டும் குறிப்புகள், பிற்பகுதி ஜே.ஜே.யின் நாட்குறிப்பு. நாட்குறிப்பை வரிசையாக ஓட்டவேண்டாம், நாளுக்கு ஏழெட்டுப் பக்கம் போதும். முதல் பகுதியில் மற்றவர்கள் ஜே.ஜே.யைப் பற்றிச் சொல்வதில் ஐந்தாறைக் குறித்துக்கொண்டு, நாட்குறிப்பில் அவனே தன்னைப் பற்றி எழுதுவதோடு ஒத்துப்பாருங்கள். பாலுவின் வழிபாடு எங்கெங்கே பொருந்தாமல் போகிறது என்று தெரியும். நாவலின் கதை என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால் அந்த இடைவெளிதான்.

எவ்வளவு தூரம் போய்க் கைவிடலாம் என்றால்: குற்றமும் தண்டனையும் முதல் பாகம் முழுதும், அன்னா கரீனினா புல் அறுக்கும் அத்தியாயங்கள் வரை, மோபி டிக் 36-ஆம் அத்தியாயம் வரை (ஆகாப் பாய்மரத்தில் தங்க நாணயத்தை அறையும் இடம்), மார்க்கேஸ் தூக்கமின்மை நோய் முடியும் வரை, பொன்னியின் செல்வன் கடம்பூர் மாளிகை தாண்டி. அதற்குப் பிறகும் மனம் ஒட்டவில்லையென்றால் பக்க எண்ணையும் தேதியையும் பென்சிலால் குறித்து மூடிவிடுங்கள். மூன்று வருடம் கழித்து எடுக்கும்போது அந்தக் குறிக்கு இருபது பக்கம் முன்னாலிருந்து தொடங்குங்கள்.